ஏ-40 ஆசனங்களை யாரிடம் கொடுப்பது: இங்கிலாந்துப் பொதியா, கொழும்புக் கடையா, ஊர்க் குஷன்காரரா?

எங்கள் வீட்டில் நிற்பது 1953ஆம் ஆண்டின் ஒஸ்ரின் ஏ-40 சோமர்செட் கார். சென்ற ஆண்டு அதன் ஆசனங்களை முற்றாகக் கழற்றிப் புதுப்பித்தோம். இங்கிலாந்திலிருந்து தைத்த உறைகளை வரவழைப்பது, கொழும்பில் ஆசன உறை தைக்கும் கடையொன்றில் கொடுப்பது, யாழ்ப்பாணத்திலேயே பழைய முறைப்படி குஷன் வேலை செய்யும் ஒருவரைத் தேடிப் பிடிப்பது என்ற மூன்று வழிகளில் கடைசி வழியையே தேர்ந்தெடுத்தோம். இதே குழப்பத்தில் இருப்பவர்களுக்கு அதன் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

இங்கிலாந்துப் பொதி மொறிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்கு நல்ல வழிதான். 16 இலட்சத்துக்கு மேல் உற்பத்தியான கார் என்பதால் அதன் ஆசன உறைகளை அங்கே இன்றும் ஆயத்தமாகத் தைத்து விற்கிறார்கள். சோமர்செட்டோ 1952 முதல் 1954 வரை மட்டும், ஏறத்தாழ 173,000 வண்டிகளே வெளிவந்த மாதிரி. அதற்குத் தேடி, அளவு கொடுத்து, காத்திருந்துதான் வாங்க வேண்டும். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு அந்தச் செலவு எங்கள் கைக்கு எட்டவில்லை. விலையை விட்டாலும், அந்தப் பொதியில் வருவது மேலுறை மட்டுமே. அதன் அடியில் கிடப்பதை இங்குள்ள ஒருவர்தான் சரிசெய்ய வேண்டும்.

கொழும்புக் கடைகள் வேகமானவை; நிறங்களும் நிறைய. எட்டு ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு கடையில்தான் முன் ஆசனத்தைக் கொடுத்திருந்தோம். இரண்டே நாளில் பளபளப்பாகத் திரும்பி வந்தது. அவர்கள் செய்ததெல்லாம் ஸ்பிரிங்குகளின் மேல் நேராகப் பஞ்சுத் தகட்டை, அதாவது ஃபோமை, பசை பூசி ஒட்டி ரெக்சினால் மூடியதுதான். இடையில் சாக்கு போடாததால் ஒவ்வொரு ஸ்பிரிங்கும் ஃபோமை வட்டம் வட்டமாக அறுத்துவிட்டது. நம் நாட்டு வெப்பமும் ஈரப்பதனும் மலிவு ஃபோமை உதிர்த்துவிடும். மூன்றாம் ஆண்டில் ஆசனத்தின் கீழே மஞ்சள் தூள் கொட்டத் தொடங்கியது. பசை போட்டு ஒட்டியிருந்தபடியால், ஒரு மூலையை மட்டும் திறந்து திருத்தவும் வழியில்லை.

என் தேர்வைத் தீர்மானித்தது இந்த ஒரு விடயம்தான்: மீண்டும் திறந்து திருத்தக்கூடிய ஆசனமா, இல்லையா? பழைய கார் ஆசனம் ஒரு தடவை செய்து முடித்துவிடும் பொருளல்ல. ஆட்கள் ஏறி இறங்கும் விளிம்பு பதியும், வெயில் படும் பக்கத்தில் தையல் விடும், மாரி மழையில் கதவோரத்தால் நீர் கசியும். ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறையாவது யாரேனும் அதைத் திறக்கத்தான் வேண்டும்.

நாங்கள் கண்டுபிடித்த குஷன்காரர் எழுபதை நெருங்குபவர். ஏ-40கள் வாடகைக் கார்களாக ஓடிய காலத்திலும், பெற்றோல் தடைப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடிய போர்க்காலத்திலும் அவற்றின் ஆசனங்களைத் தைத்தவர். வண்டிகள் இங்கே காட்சிப் பொருளாகாமல் ஓடிக்கொண்டே இருந்ததால்தான் இந்தத் தொழிலும் அறுந்துபோகவில்லை என்று நினைக்கிறேன். ஆசனத்தைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “தம்பி, மேல் சீலையைப் பிறகு பாப்பம், முதல்ல கம்பி சரியோ எண்டு பாப்பம்.”

கூடத்துப் பலகையில் ஆசனத்தைக் கவிழ்த்து வைத்து, உறையைக் கிழிக்காமல் தையல் தையலாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் சோக்கினால் இலக்கம் எழுதினார். பின் ஆசனத்தின் பைப்பிங் எனும் விளிம்புக் கரையின் மடிப்புக்குள், வெயிலே படாத ஓரிடத்தில், வண்டியின் பழைய கடும்பச்சை நிறம் அப்படியே இருந்தது. புதிய ரெக்சினின் நிறத்தை அதை வைத்துத்தான் தெரிவுசெய்தோம். உடைந்த நான்கு ஸ்பிரிங்குகளைக் கழிவு ஆசனமொன்றிலிருந்து எடுத்து மாற்றி, மேலே சணல் சாக்கை இழுத்துக் கட்டி, அதன்மேல் தும்பைப் பரப்பி வளைந்த ஊசியால் சாக்கோடு சேர்த்துத் தைத்து, மெல்லிய பஞ்சுப் படையிட்டு, கடைசியாகவே உறையைப் போட்டார். எங்கும் பசை இல்லை. விளிம்பு முழுவதும் கம்பிக் கிளிப்தான்.

எட்டு மாதம் கழித்து ஓட்டுநர் பக்க விளிம்பு சற்றுப் பதிந்தபோது, பதினொரு கிளிப்புகளைக் கழற்றி, ஒரு கைப்பிடித் தும்பை உள்ளே திணித்து, ஒரே மாலையில் மூடித் தந்தார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இரண்டு ஆசனங்களுக்கு மூன்று மாதம் எடுத்தது. முதுகுப் பக்கத்து மடிப்புத் தையல்களில் ஒன்று சற்றே சாய்ந்திருக்கிறது. நல்ல இங்கிலாந்து உறையில் அப்படி இராது. தோல் உறையைப் பற்றி உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவமில்லை. நண்பரொருவரின் காரில் இரண்டு மாரிகாலம் பூஞ்சணம் பிடித்ததைப் பார்த்ததோடு சரி. நாள்தோறும் துடைக்கக்கூடியவர்களுக்கு அது ஒத்துவரலாம்.

இத்தகையவர்களுக்குப் பெரும்பாலும் பெயர்ப் பலகை இருப்பதில்லை. பேருந்து ஆசனம் திருத்துவோரிடமும் பழைய கராச்சுகளிலும் விசாரித்தால் பெயர் கிடைக்கும். போனதும் அவர் செய்த ஆசனமொன்றைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். சாக்கும் கிளிப்பும் தெரிந்தால் தொடர்ந்து பேசலாம், பசை மணத்தால் நன்றி சொல்லி வந்துவிடலாம். தையல் அங்குலத்துக்கு ஆறு ஏழுக்கு மேல் நெருக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். நெருக்கிக் குத்தினால் ரெக்சின் அந்த வரிசையிலேயே தபால் முத்திரை போலக் கிழியும். முழு ஆசனத்தையும் கொடுக்குமுன் கதவுப் பலகை ஒன்றைக் கொடுத்துப் பார்ப்பது நல்லது. பிரித்த பழைய உறையை மட்டும் எறிய விடாதீர்கள். இலக்கமிட்ட எங்கள் துண்டுகளை ஒரு சாக்கில் கட்டி வைத்திருக்கிறோம். அடுத்து இந்த ஆசனத்தைத் தைக்கப்போகிறவருக்கு அவைதான் அளவு.