தலைமைத்துவமா, புவியியலா, வேதாகமக் கிரேக்கமா? பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு எது பொருந்தும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பாளையங்கோட்டை, நாசரேத், சாயர்புரம் பக்கத்து வீடுகளில் ஒரு பேச்சு எழும்: "பிள்ளைக்கு ஊழியத்திலும் ஆசை இருக்கு, கையில ஒரு டிகிரியும் வேணும்." வெளிநாட்டுக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்களின் பாடப் பட்டியலைப் பார்த்தால் தலைமைத்துவம், புவியியல், புதிய ஏற்பாட்டின் மூலமொழியான வேதாகமக் கிரேக்கம் மூன்றையும் கலந்து படிக்கலாம் போலத் தெரியும். அமெரிக்காவில் அது உண்மைதான். அங்கே இளங்கலை நான்கு வருடம், சுமார் 120 கிரெடிட். ஒன்றை மேஜராகவும் (முதன்மைப் பாடம்) இன்னொன்றை மைனராகவும் (துணைப் பாடம்) எடுக்க இடமுண்டு. நம் ஊரில் மூன்று வருடம், ஆறு செமஸ்டர். சேரும் நாளிலேயே மேஜர் முடிவாகிவிடும். ஆகவே எதை மேஜராக எடுப்பது என்பதுதான் கேள்வி.

எங்கள் கருத்து இது: பட்டம் புவியியலில் இருக்கட்டும், கிரேக்கத்தை அதன் கூடவே தொடங்குங்கள், தலைமைத்துவத்தைப் பட்டமாக எடுக்க வேண்டாம்.

கிரேக்கத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். தமிழ்ப் பிள்ளைக்கு அந்தப் பயம் தேவையே இல்லை. மரத்தை, மரத்தால், மரத்துக்கு என்று உருபு சேர்த்தே பேசி வளர்ந்தவருக்குக் கிரேக்கத்தின் ஐந்து வேற்றுமை ஒரு பாரமா? 'வந்தேன்' என்ற சொல்லுக்குள் 'நான்' இருப்பதுபோலவே கிரேக்க வினையின் விகுதியிலும் ஆள் இருக்கிறார். ஆங்கில வழியில் படிப்பவர் மண்டையை உடைத்துக்கொள்ளும் வினை வேறுபாடுகளும் நமக்குப் பழக்கமானவை. 'எக்ராப்சென்' என்றால் எழுதினான். 'எக்ராஃபென்' என்றால் எழுதிக்கொண்டிருந்தான். 'கெக்ராப்தாய்' என்றால் எழுதியிருக்கிறது. கிரேக்க இலக்கணத்தை ஆங்கில நூலில் படித்தாலும் உதாரணங்களைத் தமிழில் எழுதிப் பாருங்கள், பாதி வேலை குறையும்.

வழுக்கும் இடங்கள் வேறு. முதலாவது, உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதிவைக்கும் பழக்கம். தெல்தா, தௌ, தேதா மூன்று எழுத்துக்கும் நம்மிடம் ஒரே 'த'தான். 'ஆனால்' என்று பொருள்படும் சொல்லும், 'உம்' என்று பொருள்படும் சொல்லும் நோட்டில் ஒரே 'தெ' ஆகிவிடும். இரண்டு வாரம் கழித்து எது எதுவென்று தெரியாது. 24 எழுத்தையும் முதல் வாரத்திலேயே கையால் எழுதிப் பழகிவிட வேண்டும். இரண்டாவது, ஆங்கில 'the' போன்ற சுட்டிடைச் சொல். தமிழில் அது இல்லை. கிரேக்கத்தில் பால், எண், வேற்றுமை என்று 24 இடங்களில் வரும். பெயர்ச்சொல்லின் விகுதியைக் கண்டுபிடிக்க அதுதான் திறவுகோல். அதைச் சரியாகப் படிக்காமல் அடுத்த பாடத்துக்குத் தாவினால் பின்னால் எல்லாம் குழம்பும்.

சொற்கள்? புதிய ஏற்பாட்டில் வெவ்வேறு சொற்கள் சுமார் 5,400. ஆனால் 50 முறைக்கு மேல் வருபவை ஏறத்தாழ 310தான். மொத்த வாசகத்தில் ஐந்தில் நான்கு பங்கு அவற்றாலேயே ஆனது. ஒரு நாளைக்கு மூன்று சொல், 40 நிமிடம் என்று வைத்தால் நான்கு மாதத்தில் அவை கைக்கு வந்துவிடும். வாரத்துக்கு ஒரே நாள் மூன்று மணி நேரம் உட்காருவது பலிக்காது. போன வாரத்து விகுதி அதற்குள் மறந்துபோகும்.

இவ்வளவு உழைத்து என்ன கிடைக்கும் என்று கேட்பவருக்கு மாற்கு 4:38. புயலில் சீஷர்கள் சொல்வதில் 'அபொல்லுமெதா' என்று ஒரு சொல் வருகிறது. அதை 'நாம் மடிகிறோம்' என்பதா, 'நாங்கள் மடிகிறோம்' என்பதா? கிரேக்க விகுதி இதைப் பிரித்துக் காட்டாது. 'நாம்' என்றால் படகில் தூங்குகிற இயேசுவும் மூழ்குவார்; 'நாங்கள்' என்றால் அவருக்கு ஒன்றும் நேராது என்ற எண்ணம் அதற்குள் வந்துவிடும். நம் பழைய மொழிபெயர்ப்பு 'நாங்கள்' என்று எடுத்தது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து, தமிழ்ப் புதிய ஏற்பாட்டைத் திருத்தி மொழிபெயர்த்த மிஷனரி ரேனியஸ் ஐயர் போன்றவர்கள் வசனத்துக்கு வசனம் இப்படிப்பட்ட முடிவுகளை எடுக்க வேண்டியிருந்தது. அந்த முடிவுகளை நிறுத்துப் பார்க்கிற திறமை பிரசங்கம் செய்கிற ஒவ்வொருவருக்கும் வேண்டும் என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம்.

பிறகு ஏன் அதையே பட்டமாக எடுக்கச் சொல்லவில்லை? இங்கே கிரேக்கம் பெரும்பாலும் இறையியல் படிப்புக்குள் ஒரு பாடமாகத்தான் வருகிறது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரிக்கு டிகிரி முடித்துவிட்டே போகலாம். அதற்குள் இலக்கணம் கையில் இருந்தால் அங்கே நேரே வாசகத்துக்குள் இறங்கிவிடலாம்.

புவியியலுக்கு வருவோம். லூக்கா 10:30இல் ஒரு மனுஷன் எருசலேமிலிருந்து எரிகோவுக்கு 'கதேபைனென்', அதாவது இறங்கிக்கொண்டிருந்தான். எருசலேம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 750 மீட்டர். எரிகோ கடல் மட்டத்துக்கும் கீழே சுமார் 250. ஆக ஆயிரம் மீட்டர் இறக்கம், கிட்டத்தட்ட மாஞ்சோலையிலிருந்து மணிமுத்தாறுக்கு இறங்குவது போல. சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 டோப்போஷீட்டில் (நில அமைப்பு வரைபடத்தில்) 2 செ.மீ. ஒரு கிலோமீட்டர், சமஉயரக் கோடுகளின் இடைவெளி 20 மீட்டர். பாபநாசத்துக்கு மேற்கே அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கப் பழகியவருக்கு அந்த எரிகோ பாதை கண் முன்னே வந்துவிடும்.

சோற்றுக்கும் இது உதவும். பி.எட். சேரலாம், போட்டித் தேர்வுகளில் பயன்படும், கணினியில் வரைபடத் தகவல்களைக் கையாளும் ஜிஐஎஸ் வேலையும் உண்டு. அதற்கான கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம். சேருவதற்கு முன்பே பழகலாம். இந்தப் பக்கத்துக்காரர் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். 78 பாகைத் தீர்க்கக் கோடு திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே ஓடுகிறது. வரைபடத்தில் இடங்களை மீட்டரில் குறிக்க உலகத்தை 6 பாகை அகலப் பட்டைகளாகப் பிரித்ததுதான் யூடிஎம் மண்டலம். நெல்லை யூடிஎம் மண்டலம் 43, தூத்துக்குடியும் திருச்செந்தூரும் 44. தாமிரபரணியைப் பொதிகையிலிருந்து புன்னைக்காயல் வரை வரைந்தால் இரண்டு மண்டலத்திலும் விழும். 44இல் உள்ள கோப்புக்கு 43 என்று பெயர் கொடுத்துவிட்டால் திருச்செந்தூர் 600 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும். முழு வேலைக்கும் ஒரே மண்டலத்தை வைத்துக்கொண்டு, மற்றக் கோப்புகளை முறைப்படி அதற்கு மாற்றுங்கள்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். புவியியல் இளங்கலை எல்லாக் கல்லூரியிலும் கிடையாது. கோவை, சென்னை வரை போக நேரிட்டால் விடுதிச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

தலைமைத்துவத்தைக் குறைத்துப் பேசவில்லை. வெள்ளாளன்விளையில் பிறந்து 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான அசரியா நம் மண்ணின் பிள்ளை. ஆனால் 18 வயதில் அதற்கென்று ஒரு பட்டம் வாங்கினால், சொந்தத் துறை என்று சொல்லக் கையில் ஒன்றும் இருக்காது. சேகரத்து அசனத்தில் (சபை விருந்தில்) பந்தியை ஒழுங்கு செய்யுங்கள். நூறு பேருக்குப் பத்துக் கிலோ அரிசி என்று கணக்குப் போட்டு, வந்த காணிக்கைக்கு ரசீதும் செலவுக்குப் பில்லும் ஒட்டிக் கமிட்டியில் வையுங்கள். கூடவே சட்டமும் தெரிய வேண்டும்: தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டம் 1975, குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ 2012, வெளிநாட்டு நன்கொடைக்கான எஃப்சிஆர்ஏ. 2020 திருத்தத்துக்குப் பின் அந்தப் பணம் புது தில்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நல்ல மனதோடு தொடங்கிய ஊழியமும் இது தெரியாததால் சிக்கலில் மாட்டும்.

எங்கே சேர்ந்தாலும் பணம் கட்டுவதற்கு முன் இதைக் கேளுங்கள்: பட்டம் கொடுப்பது யூஜிசி பட்டியலில் உள்ள பல்கலைக்கழகமா? ஆசிய இறையியல் சங்கத்தின் அங்கீகாரம் மட்டும் இருந்தால் ஊழியத்துக்குப் போதும், அரசுப் பணி விண்ணப்பத்துக்குப் போதாது. வெளிநாட்டுப் பட்டமென்றால் இங்கே சமநிலைச் சான்று கிடைக்குமா என்று பாருங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் சொன்னது நாளைக்குச் செல்லாது.