செந்தூல் முன்னாள் படைவீரர் உதவி மேசை: பாரத்துக்கு முன்னால் கேட்கும் கேள்விகள்

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு கடைவீட்டின் மேல்மாடி. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு இரும்புக் கதவைத் தூக்குவார்கள், ஒரு மணிக்கு இறக்கிவிடுவார்கள். இடைப்பட்ட நேரத்தில் முன்னாள் ரெஞ்சர் காலாட்படை, கடற்படை, சிக்னல் பிரிவு ஆள்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து, மற்ற பட்டாளத்துக்காரர்களின் காகிதங்களைப் பார்த்துக் கொடுக்கிறார்கள். கட்டணம் கிடையாது. சங்கத்தில் சேர்ந்தால்தான் உதவி என்ற பேச்சும் இல்லை. நகல் எடுத்த காசை மட்டும் டப்பாவில் போடச் சொல்வார்கள்.

என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு போனால் இது அருமையான இடம். ஜேஎச்இவி, அதாவது தற்காப்பு அமைச்சின் கீழுள்ள முன்னாள் படைவீரர் விவகார இலாகாவில் இவர்களுக்கு ‘கேபிள்’ (உள்ளே செல்வாக்கு) இருக்கும், ஒரு போன் போட்டால் பணம் வந்துவிடும் என்று நம்பி வருகிறவர்கள் ஏமாந்துதான் படியிறங்குவார்கள். மனு எதனால் திரும்பி வரும் என்பதை, மனு போவதற்கு முன்பே கண்டுபிடித்துச் சொல்வதுதான் இவர்களின் வேலை. அதில் கெட்டிக்காரர்கள்.

முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எத்தனை வருசச் சேவை? அதிகாரி அல்லாத சாதாரணப் படைவீரருக்குப் பென்சன் வேண்டுமென்றால் கணக்கில் சேரும் சேவை 21 ஆண்டு இருக்க வேண்டும். பத்து, பன்னிரண்டு, பதினைந்து ஆண்டில் வெளியே வந்தவர்கள்தான் இங்கே அதிகம். ‘தீடாக் பெர்பென்சென்’ (பென்சன் இல்லாதவர்) என்று இலாகா இவர்களைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. "எனக்கு ஏன் பென்சன் வரலே?" என்று பத்து வருசமாகக் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு முகதாட்சண்யம் பார்க்காமல் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள். அதுவே பாதி உதவி. பென்சன் இல்லை என்று தெளிந்த பிறகுதான், பென்சன் இல்லாதவர்களுக்கென்றே இருக்கும் வாழ்க்கைச் செலவு உதவிக்கான பாரம் மேசைக்கு வரும். அதன் தொகையும் தகுதியும் அடிக்கடி மாறுவதால், போன வருசத்துப் பாரத்தை யாரிடமாவது வாங்கி நிரப்பிக்கொண்டு போகாதீர்கள்.

இரண்டாவது கேள்வி, எப்படி வெளியே வந்தீர்கள் என்பது. ஒப்பந்தம் முடிந்ததா, மருத்துவ வாரியம் அனுப்பியதா, ஒழுங்கு நடவடிக்கையா? பணியில் பட்ட காயத்தால் வெளியேறியவரின் வழக்கு வேறு. அதில் 21 ஆண்டு என்பது மட்டுமே அளவுகோல் அல்ல. ஆனால் பணி முடிவுச் சான்றில் காரணம் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்காமல் இவர்கள் வாயைத் திறப்பதில்லை. சரியான பழக்கம்.

பெரும்பாலான மனுக்கள் இடறி விழுவது பெயரில்தான். சேவைப் பதிவில் ‘சுப்பிரமணியம் எஸ்/ஓ முத்து’, அடையாள அட்டையில் ‘சுப்ரமணியம் ஏ/எல் முத்தையா’ (எஸ்/ஓ, ஏ/எல் இரண்டுமே ‘இன்னார் மகன்’ என்பதுதான்), பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் ‘எம். மணியம்’. நமக்கு ஒரே ஆள், முகப்பில் இருக்கும் அதிகாரிக்கு மூன்று பேர். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி எழுதியது ஒன்று, ஆள் சேர்ப்பு முகாமில் எழுதியது இன்னொன்று. இதற்கு இரண்டு காகிதம் வேண்டும். பழைய அடையாள அட்டை எண்ணும் இப்போதைய 12 இலக்க எண்ணும் ஒருவருடையதே என்று தேசியப் பதிவு இலாகா தரும் உறுதிக் கடிதம் ஒன்று. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சத்தியப்பிரமாண ஆணையர் முன் செய்யும் உறுதிமொழி இன்னொன்று. ‘நான்தான் அவர்’ என்று மொட்டையாக எழுதினால் அந்த உறுதிமொழி உதவாது. ஒவ்வொரு எழுத்துக்கூட்டலையும் அது எந்தப் பத்திரத்தில் இருக்கிறதோ அப்படியே எழுதி, பத்திரத்தின் பெயர், இரண்டு அடையாள எண்கள், படை எண் எல்லாம் சேர்க்க வேண்டும். இந்த மேசையில் அதற்கென்று ஒரு மாதிரித் தாள் வைத்திருக்கிறார்கள். மலாயில் நேர்த்தியாக அடித்தது. இங்கே வந்ததற்கு அந்த ஒரு தாளே போதும்.

படை எண் மறந்துபோனால் பதறத் தேவையில்லை. எல்டிஏடி (படைவீரர் சேமநிதி வாரியம்) அறிக்கை, பழைய சம்பளச் சீட்டு, பதக்கச் சான்றிதழ் என்று எதையாவது தேடிக் கொண்டுவரச் சொல்வார்கள்.

கணவர் இறந்து விதவை பென்சனுக்கு வரும் பெண்களிடம் இவர்கள் பேசும் விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, "அக்கா, தாலி எந்த வருசம் ஏறுச்சு?" என்று கேட்பார்கள். ஏதோ ஊர்க்கதை பேசுவதுபோல் இருக்கும். ஆனால் முழு மனுவும் அந்தப் பதிலில்தான் தொங்குகிறது. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1982 மார்ச் 1. அதற்கு முன் வழக்கப்படி நடந்த கல்யாணம், பதியாமல் இருந்தாலும் பதிந்ததாகவே கொள்ளப்படும். நடந்ததற்கு ஆதாரம்தான் வேண்டும்: கோயில் ரசீது, அழைப்பிதழ், படம், பெற்றோர் பெயருள்ள பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், உயிரோடிருக்கும் உறவினர் ஒருவரின் உறுதிமொழி.

அந்தத் தேதிக்குப் பிறகு கோயிலில் மட்டும் தாலி கட்டிக்கொண்டு பதியாமல் விட்டவர்கள் நிலைமைதான் சிக்கல். மண்டபத்தில் ஆயிரம் பேர் சாப்பிட்டது சட்டத்துக்குச் சாட்சியில்லை. திருமணச் சான்றிதழ் இல்லாமல் விதவை பென்சன் மனு நகராது. கணவர் போன பிறகு பதிவு செய்யவும் முடியாது, ஏனென்றால் இருவரும் நேரில் நிற்க வேண்டும். அப்படி வந்த பெண்களிடம் இவர்கள் ஆசை வார்த்தை சொல்வதில்லை. சட்ட உதவி இலாகாவுக்குப் போகச் சொல்லி, என்னென்ன ஆதாரம் எடுத்துப் போக வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். பிள்ளைகளின் பெயரில் ஏதாவது உரிமை இருக்கிறதா என்று தனியாகப் பார்க்கிறார்கள்.

அதனால்தான் உயிரோடு, நடமாட்டத்தோடு வரும் ஆண்களிடமும் அதே கேள்வியைக் கேட்கிறார்கள். சிலருக்குக் கோபம் வருகிறது, பேரன் பேத்தி எடுத்தபின் கல்யாணப் பதிவா என்று. வழி சுலபம்: தேசியப் பதிவு இலாகாவில் மனு, அறிவிப்பு 21 நாள் ஒட்டப்படும், பிறகு இரண்டு சாட்சிகளோடு பதிவு. அரை நாள் வெட்கம், அவ்வளவுதான்.

விதவைகளுக்கு இன்னொரு எச்சரிக்கையும் தருகிறார்கள். கணவர் இறந்ததை இலாகாவுக்குச் சொல்லாமல் அவருடைய ஏடிஎம் அட்டையில் மாதாமாதம் பென்சனை எடுத்துக்கொண்டிருந்தால், அது கூடுதலாகக் கொடுத்த பணமாகக் கணக்காகித் திரும்பக் கட்ட வேண்டிவரும். இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்த வாரமே நகலை அனுப்பிவிடுங்கள்.

எல்டிஏடி கணக்கில் குழப்பம் நிறைய. சாதாரணப் படைவீரரின் சம்பளத்தில் 10 விழுக்காடு அவர் பங்கு, 15 விழுக்காடு அரசாங்கப் பங்கு. பென்சன் இல்லாமல் வெளியேறுபவருக்கு இரண்டும் உண்டு. பென்சன் வாங்குபவருக்கு அரசாங்கப் பங்கு பென்சன் நிதிக்குப் போய்விடும். இதைத் தெரியாமல் ‘என் பதினைந்து விழுக்காட்டைத் தின்னுட்டாங்க’ என்று சண்டைக்கு வருகிறவர்கள் வாராவாரம் இருக்கிறார்கள். ஒரு வெள்ளைத் தாளில் கோடு போட்டு விளக்குகிறார் ஒரு பெரியவர், இரண்டே நிமிடம். வெளியேறிய காலத்தில் வாங்காமல் விட்ட பணமோ, இறந்தவர் பெயரில் வேறு கணக்கோ இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், கோரப்படாத பணத்துக்கான இகூமிஸ் தளத்தில் அடையாள எண்ணை வைத்துத் தேடிக் காட்டுகிறார்கள். பழைய எண்ணிலும் தேடச் சொல்லுங்கள். அவசரத்தில் சில நேரம் புதிய எண்ணோடு நிறுத்திவிடுகிறார்கள்.

மருத்துவ விசயத்தில் உதவி சுமார்தான். வங்சா மாஜுவில் உள்ள துவாங்கு மிசான் படை மருத்துவமனைக்கு எந்த அட்டையோடு போக வேண்டும் என்பது வரை சொல்கிறார்கள். காது கேட்கும் கருவி, செயற்கைக் கால் போன்றவற்றுக்கு, முதலில் அரசு மருத்துவரின் சான்று, பிறகு விலைப்பட்டியல், அதன் பிறகுதான் வாங்குவது என்று சொன்னது சரி. கடையில் வாங்கிவிட்டு ரசீதோடு போனால் வாதாட வேண்டியிருக்கும். அதற்கு மேல் கேட்டால் ஆளுக்கொரு பதில்.

வாட்ஸ்அப்பில் வரும் இவர்களின் செய்திச் சுருக்கம் நன்றாக இருக்கிறது. எந்த அறிவிப்பு யாருக்கு என்று முதல் வரியிலேயே ‘பென்சன் உள்ளவர்’, ‘பென்சன் இல்லாதவர்’, ‘விதவை’ என்று பிரித்துப் போடுகிறார்கள். 2023 ஜூன் 27 கூட்டரசு நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது பரவிய குழப்பத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பிரிவின் அருமை தெரியும். பென்சன் சரிக்கட்டல், அதாவது ஏற்கெனவே பென்சன் வாங்குபவர்களின் தொகையை மாற்றியமைக்கும் முறை பற்றிய தீர்ப்பு அது. பென்சனே இல்லாதவர்கள் தங்களுக்கும் பாக்கி வரும் என்று காத்திருந்தார்கள். குறை என்னவென்றால், குழுவில் யார் வேண்டுமானாலும் பதிவிடலாம். காலை வணக்கப் படங்களுக்கும் பிறந்தநாள் கேக்குகளுக்கும் நடுவே சுருக்கம் புதைந்துபோகிறது.

பெரிய குறை அந்தப் படிக்கட்டு. எழுபதைத் தாண்டிய, முட்டி போன ஆள்களுக்கு மேல்மாடியில் மேசை போட்டால் எப்படி? கேட்டால் கீழே கோப்பிக் கடைக்கு ஒருவர் இறங்கி வருவார், ஆனால் கேட்க வேண்டும். டோக்கன் இருபதோடு நின்றுவிடும். பத்து மணிக்கு மேல் போவது வீண். மனுவை அனுப்பிய பின் அது எங்கே நிற்கிறது என்று பின்தொடர்வதிலும் இவர்கள் பலவீனம். அனுப்பிய தேதி, முத்திரையிட்ட நகல் இரண்டையும் நீங்களே வைத்துக்கொண்டு, இலாகாவை நீங்களே அழைக்க வேண்டும்.

மனுவுக்குப் பணம் கேட்கும் ‘ஏஜெண்டு’கள் சிலர் இந்தப் படிக்கட்டின் அடியிலேயே நிற்பதாகப் புகார் உண்டு. கிடைக்கும் பணத்தில் பங்கு பேசுவார்கள். பாரம் இலவசம், அதை நிரப்பவும் இங்கே காசு இல்லை.

கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியின் அவசரகாலத்தில் இருந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் (துணைப் போலீஸார்), போலீஸ் குடும்பங்கள் இங்கே வர வேண்டாம். அவர்கள் காகிதம் காவல் துறைப் பக்கம். வருகிறவர்கள் மூலப் பத்திரங்களை ஒரே பிளாஸ்டிக் கோப்பில், மூன்று நகல்களோடு கொண்டுபோங்கள். மாடியில் இருக்கும் நகல் இயந்திரம் பாதி நாள் ஓடுவதில்லை.