ஏர் ரைபிளுக்குப் "பேரல் நீட்டிப்பு": பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

10 மீட்டர் போட்டிக்கான 4.5 மி.மீ. ஏர் ரைபிள் (காற்றழுத்தத்தால் சுடும் துப்பாக்கி) ஒன்று "துல்லியம் கூட்டித் தருகிறோம்" என்ற பேச்சை நம்பி ஒரு பட்டறைக்குப் போனது. முன்பக்கம் தடித்த எஃகுக் குழலோடு திரும்பி வந்தது. பேரலை, அதாவது குண்டு பாயும் குழலை, நீட்டியாகிவிட்டது, கனமும் ஏற்றியாகிவிட்டது, இனி குரூப் (ஒரே குறிக்குச் சுட்ட துளைகளின் பரவல்) பாதியாகச் சுருங்கும் என்றார்கள். சுட்டுப் பார்த்தால் குரூப் முன்பைவிடப் பரந்து கிடக்கிறது. கேட்டதற்கு, "500 பெல்லட் (ஈயக் குண்டு) சுடுங்கள், பழகிவிடும்" என்று பதில். திருப்பித் தரும் கெடு முடியும்வரை இழுத்தடிக்க வசதியான பதில் இது.

பிரித்துப் பார்த்ததில் பேரல் நீளவே இல்லை. வெளியே செருகியிருந்தது வெறும் உறை. அதைத் திருகி மாட்டுவதற்காக, உள்ளே இருந்த அசல் பேரலின் முனையை 30 மி.மீ. அறுத்திருந்தார்கள். கெடுதல் முழுவதும் அந்த 30 மி.மீ.-இல்தான். பல ஏர் ரைபிள் பேரல்களில் கடைசிச் சில சென்டிமீட்டர் மட்டும் மயிரிழை அளவு குறுகலாக இருக்கும். சோக் என்பது அதுதான். பெல்லட் வெளியேறும் முன் எல்லாவற்றையும் ஒரே அளவுக்குப் பிடித்து அனுப்புவது அதன் வேலை. அறுத்தபோது அது போய்விட்டது. அறுத்த வாயையும் சரியாகக் கடைந்து முடிக்கவில்லை, ஓரத்தில் பிசிறு நின்றது. பெல்லட்டின் பின்விளிம்பு வாயைவிட்டு விலகும் கணத்தில் காற்று எல்லாப் பக்கமும் சமமாகப் பிரிய வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் பெல்லட் தலையாட்டிக்கொண்டுதான் போகும். போதாக்குறைக்கு உறையின் முன் துளையும் மையத்தில் இல்லை. உள்ளே பஞ்சுக்குச்சியைச் சுற்றித் துடைத்ததில் ஒரு பக்கம் மட்டும் ஈயக் கறை வந்தது. பெல்லட் உரசிக்கொண்டே போயிருக்கிறது.

நீளம் எதைத் தரும், எதைத் தராது என்று தெரிந்திருந்தால் இந்தப் பேச்சு எடுபடாது. 10 மீட்டர் போட்டி ரைபிளில் பெல்லட் சுமார் 170 மீ/வி வேகத்தில்தான் போகிறது. அதற்கு 420 மி.மீ. அளவுப் பேரல் தாராளம். அதற்கு மேல் நீட்டினால் பெல்லட் பேரலுக்குள் இருக்கும் நேரம் கூடும், ட்ரிகரை இழுத்த பிறகு கை அசைவது இலக்கில் தெரியும். ஸ்பிரிங்கால் காற்றை அழுத்தும் வகையில் ஒருமுறைக்குக் கிடைக்கும் காற்றே அளவுதான். அது விரிந்து முடிந்தபின் மிச்ச நீளம் உராய்வாகி வேகத்தைக் குறைக்கும். வெடிமருந்துத் தோட்டா போடும் .22 ரைபிளிலும் சுமார் 400 முதல் 480 மி.மீ.-க்கு மேல் வேகம் கூடுவதில்லை. தடிமனை மாற்றாமல் 500 மி.மீ. பேரலை 600 ஆக்கினால், முனையில் அதே பாரத்துக்கு அது 1.7 மடங்கு வளையும். நீளத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கேற்ப வளைவு கூடும் என்பதே கணக்கு.

நீளம் உண்மையிலேயே உதவுவது ஓர் இடத்தில்: குறிபார்க்கும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் உள்ள தூரம். சைட் 0.1 மி.மீ. விலகினால், 700 மி.மீ. தூரத்தில் அது 10 மீட்டரில் 1.43 மி.மீ. பிழை, 850 மி.மீ. தூரத்தில் 1.18 மி.மீ. பத்து வளையத்தின் விட்டமே 0.5 மி.மீ. என்பதால் இது சின்ன லாபம் இல்லை. ஆனால் அதற்கு இலேசான நீட்டிப்புக் குழல் போதும், பேரலில் கை வைக்கவே தேவையில்லை. ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டிய ரைபிளுக்கு இந்த லாபமும் கிடையாது. ஐ.எஸ்.எஸ்.எஃப். (உலகத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு) விதிப்படி, ரைபிளின் இயக்கப் பகுதியான ஆக்‌ஷனின் பின்முனையிலிருந்து வெளித்தெரியும் வாய்வரை 850 மி.மீ.-க்கு மேலும், மொத்த எடை 5.5 கிலோவுக்கு மேலும் போகக் கூடாது. பட்டறைக்காரர் இதைச் சொல்லமாட்டார், உபகரணச் சோதனையில்தான் தெரியவரும்.

எடையிலும் இதே ஏமாற்று. தடித்த பேரல் நல்லதுதான்: 16 மி.மீ. விட்டத்தை 20 ஆக்கினால் விறைப்பு ஏறத்தாழ 2.4 மடங்காகும். அது பேரலே தடிமனாக இருந்தால். தளர்வாகச் செருகிய உறை விறைப்பைக் கூட்டாது, கனத்தை மட்டும் முன்னால் தொங்கவிடும். 4.7 கிலோ ரைபிளில், சமநிலைப் புள்ளிக்கு 500 மி.மீ. முன்னே 400 கிராம் ஏற்றினால் அந்தப் புள்ளி 39 மி.மீ. முன்னே நகரும். நின்று சுடும்போது இடது கையும் முதுகும் அதைத் தாங்க வேண்டும். ஒரு தொடரைச் சுட்டு முடிக்கும் முன்பே கை நடுக்கம் தொடங்கிவிடும், இளம் வீரர்களுக்கு இன்னும் சீக்கிரம். எடை வேண்டுமென்றால் 50 கிராம் துண்டுகளாக, நகர்த்தக்கூடியதாக மாட்டிப் பார்த்துக் கூட்டுவதே முறை.

வேலைக்குக் கொடுக்கும் முன் காற்றுச் சிலிண்டரைக் கழற்றி, சேம்பர் (குண்டு இடும் அறை) காலி என்று கண்ணால் பாருங்கள். பின்பக்கத்திலிருந்து ஒரு பெல்லட்டைத் துப்புரவுக் கம்பியால் மெதுவாகத் தள்ளுங்கள். வழி முழுவதும் ஒரே இறுக்கம், கடைசியில் கொஞ்சம் கூடுதல் என்றால் சோக் இருக்கிறது. பேரலின் உள்நீளம், மொத்த எடை, சமநிலைப் புள்ளி மூன்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள்; அறுக்கும் எந்தத் துண்டும் உங்கள் கைக்கு வர வேண்டும் என்றும் எழுதச் சொல்லுங்கள். இதற்குத் தயங்கும் இடத்தில் ரைபிளை விடாதீர்கள். அவர்கள் காட்டும் மூன்று பெல்லட் குரூப்பைக் கண்டு மயங்க வேண்டாம், பத்துத் தடவை சுட்டால் எந்த ரைபிளிலும் அப்படி ஒன்று அமையும். ஒரே பெட்டிப் பெல்லட்டில், தாங்கியில் வைத்து, பத்து பெல்லட் குரூப் ஐந்து என்று முன்னும் பின்னும் சுட்டு ஒப்பிடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் முதலில் உறையைக் கழற்றிவிட்டு, வாயை லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஓரத்தில் பஞ்சைத் தடவும்போது இழை சிக்கினால் பிசிறு இருக்கிறது. அதை நல்ல கடைசல்காரர் மறுபடி கடைந்து சரிசெய்துவிடுவார். சோக் போயிருந்தால் கடைவதால் அது திரும்ப வராது. தயாரிப்பாளரிடமிருந்து புதிய பேரல் வாங்குவதே வழி, அதன் செலவைக் கேட்க வேண்டியது அறுத்தவரிடம்.