நானோ கூலன்ட்: ஒரு கச்சான் காற்றுக் காலம் முழுக்கப் பாவித்த பிறகு

கம்ப்யூட்டரைக் குளிராக்கும் தண்ணீர்க் குழாய்ச் சுற்றில், அதாவது லூப்பில், நானோ துகள் (மிக நுண்ணிய துகள்) கலந்த வெள்ளைக் கூலன்ட் ஊற்றி ஒரு வருசத்துக்கு மேலாகிறது. கல்லடியில் வீட்டிலிருந்தே கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன், ரெண்டர் போட்டால் விடிய விடிய ஓடும் மெஷின். பார்க்க அழகு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சூடு குறையுமா? குறையாது. முன்பு ஊற்றியிருந்த தெளிவான கூலன்ட்டுக்கும் இதற்கும் சிபியு வெப்பநிலையில் சொல்லும்படி வித்தியாசமே இல்லை. விற்பவர்கள் வெப்பக் கடத்துதிறன் கணக்கைக் காட்டுவார்கள்: தண்ணீருக்கு 0.6, இப்படித் துகளாகக் கலக்கும் பொருள்களில் ஒன்றான திண்ம அலுமினாவுக்கு (அலுமினியம் ஒக்சைட்டு) 30 அளவில். அது சரிதான், 1995இல் அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வுகூடத்தில் ஸ்டீபன் சோய் திரவத்தில் நானோ துகள் கலக்கும் யோசனையை முன்வைத்ததும் அதை நம்பித்தான். ஆனால் துகள் சேர்ப்பதோ கொஞ்சம், கூட்டினால் திரவம் தடித்துப் பம்ப் திணறும். 2009இல் வெளிவந்த ஒப்பீட்டில் 30க்கு மேற்பட்ட ஆய்வுக் குழுக்கள் ஒரே நானோ திரவ மாதிரிகளின் கடத்துதிறனை அளந்து பார்த்தன, கலவைகளுக்கான பழைய கோட்பாடு சொன்னதைத் தாண்டி அதிசயம் ஒன்றும் வரவில்லை. அதோடு லூப்பில் இடிக்கிற இடம் தண்ணீர் இல்லை, ரேடியேட்டரிலிருந்து சூடு காற்றுக்குப் போகிற இடம். கச்சான் வீசும் மாதங்களில் அறையே 33, 34 பாகை என்றால் எந்தக் கூலன்ட்டாலும் அதற்குக் கீழே இறங்க முடியாது. ரேடியேட்டர் தூசியைத் தட்டி இன்னொரு ஃபேன் போட்டதுதான் எனக்குப் பலன் தந்தது.

உண்மையான தலையிடி, மெஷின் நிற்கும்போதுதான். மாரியில் கரண்ட் போய்ப் போய் வரும், சில நாள் வீட்டைப் பூட்டிவிட்டும் போவோம், திரும்பி வந்து பார்த்தால் டேங்க் அடியில் வெள்ளைப் படிவு. சிபியு ப்ளாக்கைக் (சிபியு மேல் பூட்டி, கூலன்ட் ஓடும் உலோகக் கட்டி) கழற்றினேன், தலைமயிர் போன்ற தடிப்பில் இருக்கும் அந்தச் செப்புத் தகடுகளின் இடுக்கெல்லாம் மாவு அப்பியிருந்தது, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தே ஒரு பின்னேரம் போய்விட்டது. துகள்கள் தங்கள் மின்னேற்றத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கும் வரைதான் பிரிந்து மிதக்கும், பிஎச் (அமில-கார அளவு) மாறினாலோ உப்பு கலந்தாலோ திரண்டு அடியில் இறங்கும். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரின் உவர் தெரியும்தானே, லூப்பைக் கழுவக்கூட அதைத் தொடாதீர்கள், காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும்.

நான் தெளிவான கூலன்ட்டுக்கே திரும்பிவிட்டேன், நிறத்துக்கு எல்இடி போதும். இல்லை, வெள்ளைதான் வேண்டும் என்பவர்கள் பம்பைத் தினமும் கொஞ்ச நேரமாவது ஓட விடுங்கள், ஆறு மாதத்துக்கொரு தடவை ப்ளாக்கைத் திறந்து பாருங்கள். என்னிடம் உடைக்காத போத்தல் ஒன்று மிச்சம் இருக்கிறது, மட்டக்களப்புக்குள் யாருக்காவது வேண்டுமென்றால் பாதி விலைக்குத் தருவேன்.