பாடி வெயிட் பிளானர்: கலோரிச் செலவைச் சரியாகக் கணக்கிடும், பசியைக் கணக்கில் எடுக்காது

எடை குறைக்க நினைப்பவர்களிடம் முதலில் வந்து சேரும் எண் 7700. ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ அத்தனை கலோரி இருக்கிறது, ஆகவே தினம் 250 கலோரி குறைத்தால் மாதம் ஒரு கிலோ இறங்கும் என்று டயட் சார்ட்டுகளும் ஆப்களும் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கின்றன. 1958-இல் மேக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர் ‘பவுண்டுக்கு 3500’ என்று எழுதிய கணக்கின் கிலோ வடிவம்தான் இது. 78 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். தினம் 250 கலோரி குறைத்தால் ஓராண்டில் சுமார் 12 கிலோ குறையும். மூன்றாண்டில் 35 கிலோவுக்கு மேல் போய், அவர் 43 கிலோவில் நிற்க வேண்டும். தினம் இரண்டு தோசை குறைத்த யாருக்கும் அப்படி நடந்ததில்லை. எடை குறையக் குறைய உடலின் கலோரிச் செலவும் குறைந்துகொண்டே வருகிறது என்பதை அந்தக் கணக்கு பார்ப்பதில்லை.

இந்தப் பிழையைத் திருத்துவதற்காக எழுதப்பட்ட இலவசக் கருவிதான் ‘பாடி வெயிட் பிளானர்’. அமெரிக்க அரசின் தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் நீரிழிவு, செரிமானம், சிறுநீரகம் ஆகியவற்றுக்கான பிரிவு (என்.ஐ.டி.டி.கே.) இதைத் தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. அங்கே ஆய்வாளராக இருந்த கெவின் ஹால் குழுவினர் 2011-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்ட கணித மாதிரிதான் உள்ளே ஓடுகிறது. கணக்குத் தொடங்கவோ பணம் கட்டவோ வேண்டியதில்லை. பிரவுசரில் திறந்தால் போதும். தமிழில் இல்லை என்பது நம் வாசகருக்கு முதல் குறை. ஆனால் நிரப்ப வேண்டிய கட்டங்கள் குறைவு, பழகிவிடலாம்.

திறந்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம், அளவை மெட்ரிக்குக்கு மாற்றுவது. இதை மறந்து பவுண்டுக் கட்டத்தில் 78 என்று போட்டால் 35 கிலோ ஆளுக்கான விடைதான் வரும். பிறகு எடை, பாலினம், வயது, உயரம். ஐந்தாவது கட்டம்தான் எல்லாவற்றையும் தீர்மானிப்பது: உடலியக்க நிலை. 1.4-இலிருந்து மேலே போகும் ஓர் எண். ஒருவர் படுத்தே கிடந்தாலும் இதயம், மூளை, ஈரல், சிறுநீரகம் ஓடுவதற்கு ஆகும் செலவை இந்த எண்ணால் பெருக்கித்தான் ஒரு நாளின் மொத்தச் செலவைக் கருவி எடுக்கிறது.

பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இது. 40 வயது, 160 செ.மீ., 78 கிலோ உள்ள பெண்ணுக்கு எடை, உயரம், வயதை வைத்துப் போடும் மிஃப்ளின் சூத்திரப்படி ஓய்வுச் செலவு, அதாவது படுத்தே கிடந்தாலும் ஆகும் செலவு, சுமார் 1420 கலோரி. 1.4 என்று போட்டால் ஒரு நாள் செலவு 1990-ஐ ஒட்டி வரும். ‘வீட்டு வேலை எல்லாம் நான்தானே செய்கிறேன், காலையில் நடக்கவும் செய்கிறேன்’ என்று 1.6 போட்டால் 2270. வித்தியாசம் 280 கலோரி. ஹால் குழுவின் கணித மாதிரிப்படியே, தினசரி உணவில் 24 கலோரி நிரந்தரமாகக் கூடினாலோ குறைந்தாலோ கடைசியில் எடை 1 கிலோ மாறும். அப்படியானால் இந்த ஒரு கட்டத்தில் செய்யும் பிழை நாளடைவில் 11, 12 கிலோவுக்குச் சமம். நாற்காலி வேலையும் அரை மணி நேர நடையும் உள்ளவர் 1.4 அல்லது 1.5 போடுவதுதான் நியாயம். நம் நாட்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 பரிந்துரையும் உட்கார்ந்த வேலைக்காரருக்கு 1.4 என்றே வைத்திருக்கிறது. 1.8 என்பது நாள் முழுக்க நின்று, நடந்து, சுமந்து வேலை செய்பவர்களுக்கு உரியது.

அடுத்து இலக்கு எடையும், எத்தனை நாளில் என்பதும். நாள் எண்ணிக்கையில் பேராசை கூடாது. 78-லிருந்து 68-க்கு 60 நாளில் இறங்க வேண்டுமானால், பழைய கணக்குப்படி பார்த்தாலே தினம் 1280 கலோரி பற்றாக்குறை வேண்டும். சாப்பிட மிஞ்சுவது 700. மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் வீட்டில் முயல வேண்டிய அளவு இல்லை இது. அதே 10 கிலோவுக்கு ஓராண்டு கொடுத்தால் எண் மனிதர் சாப்பிடக்கூடிய இடத்துக்கு வந்துவிடும். இலக்கு எடையைத் தேர்ந்தெடுக்கும்போது கருவி சொல்லும் பி.எம்.ஐ. (கிலோ எடையை, மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) வரம்பையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அது 18.5 முதல் 25 வரை சரி என்னும் பொது அளவுகோல். அதே பி.எம்.ஐ.யில் தெற்காசியர் உடலில் கொழுப்பு கூடுதல், தசை குறைவு என்பதால் இந்திய மருத்துவர்கள் 23-லேயே அதிக எடை, 25-லேயே உடல் பருமன் என்று கணக்கிடுகிறார்கள்.

விடையாக மூன்று எண்கள் வரும்: இப்போதைய எடையில் அப்படியே நிற்க எவ்வளவு சாப்பிட வேண்டும், இலக்கை எட்ட எவ்வளவு, எட்டிய பின் அங்கேயே நிற்க எவ்வளவு. எல்லோர் கண்ணும் இரண்டாவது எண்ணுக்குத்தான் போகும். இந்தக் கருவியின் உண்மையான பெருமை மூன்றாவது எண். நம் உதாரணப் பெண் 10 கிலோ குறைத்தபின், 24 கலோரி விதிப்படி, அவருடைய தினசரி அளவு 1990-இலிருந்து சுமார் 1750-க்கு இறங்கிவிடும். டயட் முடிந்தது என்று பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் எடையும் பழைய இடத்துக்குத் திரும்பும். அந்த 240 கலோரி வாழ்நாள் முழுக்கத் திரும்பக் கிடைக்காது. தொடங்கும் நாளிலேயே இதை எழுதிக் காட்டும் கருவி வேறெதுவும் இவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. மூன்றாவது எண்ணைப் பார்த்து ‘இந்த அளவில் என்னால் வாழ முடியாது’ என்று தோன்றினால், இலக்கை 68-லிருந்து 72-க்கு மாற்றிக்கொள்வது தோல்வி ஆகாது. முதல் ஐந்து சதவீதம் குறைந்தாலே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பலருக்கு இறங்குகின்றன.

வேகத்தைப் பற்றியும் கருவி பொய் சொல்வதில்லை. தினம் 250 கலோரி நிரந்தரமாகக் குறைத்தால் கடைசியில் குறைவது 10 கிலோ. அதில் பாதிக்கு ஓராண்டு, 95 சதவீதத்துக்கு மூன்றாண்டு ஆகும். வரைபடம் முதலில் சரிந்து, பிறகு மெல்லப் படுத்துவிடும்.

எக்ஸ்பர்ட் மோட் என்ற மறுபக்கத்தையும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும், முக்கியமாகச் சோறு சாப்பிடுகிறவர்கள். மாவுச்சத்தின் சதவீதம், உப்பிலுள்ள சோடியம், உடல் கொழுப்பு, ஓய்வுச் செலவு எல்லாவற்றையும் அங்கே நாமே கொடுக்கலாம். ஈரலிலும் தசையிலும் கிளைகோஜனாகச் சேர்ந்திருக்கும் சர்க்கரை, ஒரு கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சோற்றைப் பாதியாக்கி ஊறுகாயும் அப்பளமும் நிறுத்தினால் முதல் வாரத்தில் ஒன்றிரண்டு கிலோ மளமளவென்று இறங்குவது பெரும்பாலும் இந்தத் தண்ணீர்தான். அடுத்த வாரம் அந்த வேகம் நின்றதும் ‘உடம்பு பழகிவிட்டது’ என்று மனம் உடைகிறவர்கள் ஏராளம். மாவுச்சத்தையும் சோடியத்தையும் எக்ஸ்பர்ட் மோடில் மாற்றிப் பார்த்தால் அந்தத் திடீர் இறக்கமும் பின்வரும் மந்தமும் வரைபடத்திலேயே தெரியும். உடல் கொழுப்புக் கட்டத்தில் மட்டும் கவனம் வேண்டும். வீட்டில் நிற்கும் மின்தராசுகள் கால் வழியாகச் சிறு மின்சாரம் அனுப்பி அளப்பவை. தண்ணீர் குடிப்பதற்கு முன்னும் பின்னும் வேறு வேறு எண் காட்டும். எக்ஸ்ரே மூலம் உடல் கொழுப்பை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எண் கையில் இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் அந்தக் கட்டத்தைத் தொட வேண்டாம்.

இனி குறைக்கு வருவோம். கருவி ஓர் எண்ணைக் கொடுக்கிறது, நாம் அதை நாள் தவறாமல் சாப்பிடுவோம் என்று எடுத்துக்கொள்கிறது. பசி என்ற ஒன்று அந்த வரைபடத்தில் எங்குமே இல்லை.

பசி எவ்வளவு பெரிய விஷயம் என்று அளந்து காட்டியவரும் இதே கெவின் ஹால்தான். கனாக்ளிஃப்ளோசின் என்ற நீரிழிவு மாத்திரை, ரத்தச் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. அதைச் சாப்பிட்டவர்களுக்கு தினம் சுமார் 360 கலோரி, அவர்களுக்குத் தெரியாமலே வீணாகிக்கொண்டிருந்தது. 52 வாரத்தில் இறங்கியது சில கிலோ மட்டும். எடைக் குறிப்புகளை வைத்துத் திருப்பிக் கணக்குப் போட்டதில் தெரிந்தது இது: குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் உடலின் செலவு தினம் 20 முதல் 30 கலோரி குறைகிறது. பசியோ கிலோவுக்குச் சுமார் 100 கலோரி கூடுதலாகச் சாப்பிடத் தள்ளுகிறது. செலவு சுருங்குவதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். 10 கிலோ குறைத்த பெண்ணின் உடல் தினம் 240 கலோரி குறைவாகச் செலவழிக்கும்போதே, பழைய அளவுக்கு மேல் 1000 கலோரி கேட்டுக்கொண்டிருக்கிறது.

இது வயிற்றின் ஆசை மட்டும் இல்லை. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் (1994-இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் குழு கண்டது) ‘சேமிப்பு எவ்வளவு இருக்கிறது’ என்று மூளையின் ஹைப்போதலாமஸுக்குச் சொல்லும் செய்தி. கொழுப்பு குறைந்தால் லெப்டினும் குறையும். அங்கே பசியைத் தூண்டும் ஏ.ஜி.ஆர்.பி. நரம்பணுக்கள் விழித்துக்கொள்ளும், நிறைவைச் சொல்லும் பி.ஓ.எம்.சி. அணுக்கள் அடங்கும். இரைப்பையிலிருந்து வரும் பசி ஹார்மோனான கிரெலின் ஏறும். ஆஸ்திரேலியாவில் 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரியில் வைத்து எடை குறைத்தார்கள். 2011-இல் வெளியான அந்த ஆய்வில், ஓராண்டு கழித்தும் லெப்டின் தாழ்ந்தும் கிரெலின் உயர்ந்தும் பசி கூடியும்தான் இருந்தன. பருமனானவர்களிடம் லெப்டின் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. அதிகமிருப்பதை மூளை பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை, குறைவதைத்தான் ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது.

ஆகவே கருவியின் வரைபடம் மூன்றாண்டு இறங்குவதாகக் காட்டும்போது, நடைமுறையில் எடை ஆறு முதல் எட்டு மாதத்தில் நின்றுவிடும். ‘மெட்டபாலிசம் செத்துவிட்டது’ என்று சொல்வார்கள். செலவு மட்டும் குறைந்து அவ்வளவு சீக்கிரம் எடை நிற்காது. பசி தள்ளத் தள்ள, தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியிருக்கும். சாப்பிடுகிறவருக்கே அது தெரியாது. அதே கண்டிப்போடு இருப்பதாகத்தான் நினைப்பார், முயற்சியும் அதே அளவு போட்டுக்கொண்டிருப்பார். எடை குறைக்கவே முடியவில்லை என்று வந்தவர்களை 1992-இல் அளந்து பார்த்த ஓர் ஆய்வில், அவர்கள் சொன்ன உணவு உண்மையில் சாப்பிட்டதைவிட 47 சதவீதம் குறைவாக இருந்தது. அவர்கள் பொய்யர்கள் இல்லை. கண்ணளவு அப்படித்தான் தவறும்.

நம் சமையலறையில் அந்தத் தவறு பெரும்பாலும் எண்ணெயில் ஒளிந்திருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மி.லி., சுமார் 120 கலோரி. தோசைக்கல்லைச் சுற்றி ஊற்றியதை யாரும் எழுதி வைப்பதில்லை. இதற்கு எளிய வழி, தட்டை விட்டுவிட்டு பாக்கெட்டை அளப்பது. நால்வர் உள்ள வீட்டில் மாதம் 3 லிட்டர் எண்ணெய் தீர்ந்தால், 2760 கிராம், சுமார் 24,800 கலோரி. 120 ஆள்-நாளுக்கு வகுத்தால் ஒருவருக்குத் தினம் 200-க்குச் சற்று மேல். 3 லிட்டரை 2 ஆக்கினால் ஆளுக்கு 70 கலோரி குறையும், 24 கலோரி விதிப்படி கடைசியில் ஏறத்தாழ 3 கிலோ. சோற்றைச் சமைத்தபின் எடை போடுங்கள்: 100 கிராம் சுமார் 130 கலோரி. சமைக்காத அரிசியாக 100 கிராம் என்றால் 350. இரண்டையும் குழப்பிக்கொண்டால் கணக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு பிசகும்.

கருவியை நல்லபடியாகப் பயன்படுத்தும் வழி, அதை உத்தரவாக எடுக்காமல் அளவுகோலாக வைத்துக்கொள்வது. தினமும் காலையில் கழிப்பறை போய்வந்தபின், சாப்பிடும் முன், ஒரே தராசில் நின்று எழுதுங்கள். ஒரு நாள் எண்ணுக்கு மதிப்பில்லை, ஏழு நாள் சராசரிக்கே மதிப்பு. முதல் இரண்டு வாரத்தை, அந்தத் தண்ணீருக்காக, ஒதுக்கிவிடுங்கள். அதன்பின் நான்கு வாரச் சராசரிகளை வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். கோட்டுக்கு மேலே விலகிக்கொண்டே போனால் இரண்டில் ஒன்று: உடலியக்க எண் கூடுதலாகப் போட்டிருக்கிறீர்கள், அல்லது உணவு கூடியிருக்கிறது. முதலில் உடலியக்க எண்ணை ஒரு படி இறக்கி மீண்டும் ஓட்டிப் பாருங்கள். அப்போது கோடு பொருந்தினால் பழி உங்கள் மேல் இல்லை.

உடற்பயிற்சிக் கட்டத்தில் நடை, ஓட்டம் என்று சேர்த்தால் உணவு அளவைத் தாராளமாக ஏற்றிக் காட்டும். அதில் பாதியை மட்டும் நம்புங்கள். காலையில் நடந்தவர் மாலையில் கூடுதலாக உட்காருவதைக் கருவி பார்ப்பதில்லை.

எடை குறைக்கும் செமாகுளுடைட், டிர்செபடைட் ஊசி போடுகிறவர்களுக்கு வரைபடம் வேறு விதமாகத் தவறும். அந்த மருந்துகள் பசியின் தள்ளுதலையே தளர்த்துகின்றன, அதனால் எடை ஓராண்டு தாண்டியும் இறங்கிக்கொண்டிருக்கும். செமாகுளுடைட் 2.4 மி.கி. ஆய்வில் 68 வாரத்தில் சராசரி 14.9 சதவீதம் குறைந்தது. நிறுத்தியவர்களுக்கு அடுத்த ஓராண்டில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. மருந்து போனதும் பழைய பசி அப்படியே வந்து நிற்கிறது. மூன்றாவது எண்ணை, ஊசியை நிறுத்துவது பற்றி மருத்துவரிடம் பேசும் முன்பு எடுத்துப் பாருங்கள்.

18 வயதுக்குக் கீழே உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று கருவியே சொல்கிறது. இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் உணவைக் குறைக்கும் முன் மருந்தின் அளவை மருத்துவரிடம் மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும்.