பெயின்ட்பால் உருண்டை: ஜெலட்டினா, கழுவி எடுக்கும் பந்தா?

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பாக்ஸ் கிரிக்கெட்டுக்கென்று போட்ட டர்ஃப்களுக்கு ராத்திரியில்தான் கிராக்கி. பகல் நேரத்தில் பெயின்ட்பால் (சாய உருண்டையால் ஒருவரையொருவர் சுடும் ஆட்டம்) ஓட்டலாமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் மார்க்கர், அதாவது உருண்டையைச் சுடும் துப்பாக்கி, என்ன விலை என்றுதான் விசாரிக்கிறார்கள். மார்க்கர் ஒருமுறைச் செலவு. ஆட்டத்துக்கு ஆட்டம் காசைத் தின்பது உருண்டை. வலை கட்டிய டர்ஃபுக்கு உடையாத, கழுவித் திரும்பச் சுடும் ரீபால்தான் சரி, திறந்த தோட்டத்துக்குப் பட்டால் உடையும் ஜெலட்டின் உருண்டையை விட்டால் வேறு வழியில்லை என்பது இந்த அலசலின் முடிவு. ஏன் என்பது கணக்கில் இருக்கிறது.

வழக்கமான .68 காலிபர் உருண்டை சுமார் 17.3 மி.மீ. விட்டம், 3 கிராம் எடை. மீன் எண்ணெய் மாத்திரை செய்கிற அதே முறையில், இரண்டு ஜெலட்டின் பட்டைகளுக்கு நடுவே சாயம் கலந்த பாலிஎதிலீன் கிளைகாலை அடைத்து ஒட்டுகிறார்கள். பேரலுக்குள் (துப்பாக்கிக் குழாய்) உடையக் கூடாது, ஆள்மேல் பட்டால் உடைய வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓடு நிற்பதால்தான் அதற்கு வெயிலும் ஆகாது, ஈரமும் ஆகாது. 15 முதல் 25 டிகிரிதான் அதற்குத் தோது. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையில் பெட்டியை வைத்தால் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆடிச் சாரலில் பொள்ளாச்சிப் பக்கம் பையைத் திறந்து போட்டால் ஈரத்தை இழுத்து ஊதி, பேரலில் இறுகும். இறுகியது உள்ளேயே உடைந்தால், துடைத்து முடிக்கும்வரை அடுத்த பத்து உருண்டையும் கோணலாகத்தான் போகும். ஃப்ரீசரில் வைத்தால் கெட்டியாகும் என்று சொல்வார்கள், கேட்காதீர்கள். நொறுங்கிப் போகும், அவ்வளவுதான். பெட்டியை அவ்வப்போது புரட்டி வைக்காவிட்டால் அடியில் இருப்பவை தட்டையாகிவிடும்.

சாயம் தண்ணீரில் போய்விடும். ஆனால் செயற்கைப் புல்லில் கிளைகால் வழுக்கும், ஓட்டுத் துண்டுகள் புல்லிழைக்குள் மாட்டிக்கொள்ளும். ராத்திரி எட்டு மணிக்கு கிரிக்கெட் புக்கிங் இருந்தால் அதற்குள் கழுவிக் காயவைப்பது நடக்கிற காரியமில்லை. தோட்டத்தில் வேறொரு சிக்கல்: சாளையில் (தோட்டத்து வீட்டில்) நாய் இருந்தால் உடையாமல் கிடக்கும் உருண்டைகளைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். இனிப்பாக இருப்பதால் தின்னும். உள்ளே இருக்கும் கிளைகால் உடம்பு நீரைக் குடலுக்கு இழுத்து, உப்பு ஏறி, நாயின் உயிருக்கே வினையாகும்.

ரீபால் என்ற பெயரில் பரவலாக அறியப்படுவது அதே .68 அளவில் வரும், அமுக்கினால் அமுங்கும், உடையாத பந்து. சாயம் இல்லை, கறை இல்லை, வெயில் மழை பார்த்துப் பதுக்கி வைக்கும் வேலையும் குறைவு. விலைதான் கண்ணைக் கட்டும். அங்கேதான் கணக்குப் போட வேண்டும்.

பத்துப் பேர், ஆளுக்கு ஒரு ஹாப்பர் (மார்க்கரில் உருண்டை நிரப்பும் டப்பா), அதாவது 200 உருண்டை. ஆட்டத்துக்கு 2,000, சரியாக ஒரு பெட்டி. ஜெலட்டின் உருண்டை ஒன்று 1 பங்கு, ரீபால் 10 பங்கு என்று வைத்துக்கொள்வோம் (உங்களுக்குச் சொல்லும் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்). ஜெலட்டின் என்றால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 2,000 பங்கு போய்விடும். ரீபாலுக்கு முதலில் 20,000 பங்கு முடங்கும், அதன்பின் தொலைவதற்கு மட்டும்தான் செலவு. 100க்கு 2 தொலைந்தால் ஆட்டத்துக்கு 400 பங்கு, மிச்சம் 1,600. பதின்மூன்றாவது ஆட்டத்தில் முதல் திரும்பிவிடும். 100க்கு 5 தொலைந்தால் இருபது ஆட்டம் ஆகும். 100க்கு 10 தொலைந்தால் ஒருநாளும் திரும்பாது. தென்னந்தோப்பில், மட்டையும் புல்லும் கிடக்கிற இடத்தில் பத்துக்கு மேலேயே தொலையும். அதனால்தான் தோட்டத்துக்கு இது வேண்டாம் என்பது.

ஆக, எல்லாம் தொலையாமல் பார்ப்பதில் இருக்கிறது. கிரிக்கெட் வலையின் கண்ணில் 17 மி.மீ. பந்து நுழைந்து போய்விடும். உள்பக்கம் நெருக்கமாக நெய்த பெயின்ட்பால் வலையைத் தொய்வாகத் தொங்கவிட்டு, அடியில் ஓர் அடியை உள்நோக்கி மடித்து மணல்மூட்டை வைத்து அழுத்துங்கள். நர்சரி பச்சை வலை பந்தைத் தடுக்கும், ஆனால் வெயிலில் இற்றுப்போகும். அதை நம்பி முகக்கவசம் இல்லாத ஆளை வெளியே நிற்கவைக்காதீர்கள். டர்ஃபில் நிரப்பிய ரப்பர் தூளும் சிலிக்கா மணலும் பந்தோடு சேர்ந்தே வரும். அகலத் துடைப்பத்தால் ஓர் ஓரத்துக்குத் தள்ளி, 10 மி.மீ. கண் சல்லடையில் போட்டு ஆட்டினால் தூள் கீழே, பந்து மேலே. பிறகு வெங்காயம் வருகிற வலைச்சாக்கில் போட்டு, பாத்திரம் விளக்கும் திரவம் சில சொட்டு விட்டு அலசி, நிழலில் துணிமேல் பரப்புங்கள். மணல் ஒட்டிய பந்தைச் சுட்டால் பேரலின் உள்பக்கம் கீறல் விழும், பந்தை நிறுத்தும் டிடென்ட் தேயும், தேய்ந்தால் ஒரே நேரத்தில் இரண்டு பந்து இறங்கும். ஈரத்தோடு சுட்டால் வேகம் ஒரே சீராக வராது.

காய்ந்ததும் எண்ண வேண்டாம், நிறுத்துப் பாருங்கள். 2,000 பந்து ஏறக்குறைய 6 கிலோ. 100 கிராம் குறைந்தால் 33 பந்து காணோம் என்று அர்த்தம். முதலில் 100 பந்தை நிறுத்து உங்கள் சரக்கின் சரியான எடையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

குறையும் உண்டு. உடையாத பந்து கிட்டத்தில் பட்டால் ஜெலட்டினைவிட அதிகமாக வலிக்கும். திறந்த மைதானத்தில் உருண்டையின் வேகத்தை விநாடிக்கு 280 அடி வைத்தால், டர்ஃபில் 250க்கு இறக்குவது நல்லது. மார்க்கரின் சிலிண்டரில் கார்பன் டை ஆக்சைடு என்றால் காலையில் பார்த்த வேகம் மத்தியானம் நிற்காது. அந்த வாயுவின் அழுத்தம் 20 டிகிரியில் சுமார் 57 பார், 30 டிகிரியில் 72 பார். வேகம் அளக்கும் குரோனோகிராஃபில் மறுபடி பாருங்கள். இன்னொன்று, கறை விழாததால் "பட்டுச்சுங்க", "இல்லீங்க, படலை" என்ற சண்டை ஓயாது. நடுவர் ஒருவர் போதாது, இரண்டு பேர் வேண்டும். அந்தச் சம்பளத்தையும் கழுவுகிற கூலியையும் மேலே சொன்ன மிச்சத்தில் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. .50 காலிபர் ஜெலட்டின் 1.2 கிராம்தான், அடி சுமார் 4 ஜூல். .68க்கு அது 11 ஜூல். பள்ளிப் பிள்ளைகளுக்கு .50தான் நல்லது, ஆனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் உடுமலைப் பக்கம் திறந்த வெளியில் குறி நிற்காது. தண்ணீரில் ஊறவைக்கும் ஜெல் பந்து மலிவுதான், வேறு துப்பாக்கி வேண்டும். சிறு குழந்தை விழுங்கினால் குடலுக்குள் ஊதி அடைக்கும் என்பதால் வீட்டில் வைக்காதீர்கள். வால்சிறகு வைத்த ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக் வகை தூரம் போகும், மேகசின் மார்க்கர் கேட்கும், விலையோ பல மடங்கு. டர்ஃபின் நீளத்துக்கு அது எதற்கு? கெட்டி ரப்பர் உருண்டையை மட்டும் ஆள்மேல் சுடவே கூடாது.

மொத்தமாக ஆர்டர் போடும் முன் 100 ரீபால் வாங்கி உங்கள் மார்க்கரில் ஓட்டிப் பாருங்கள். பேரலில் போட்டதும் பந்து தானாக வழுக்கி மறுமுனையில் விழுந்தால் பேரல் அகலம். வாயால் ஊதினால் நகர வேண்டும், ஊதாமல் நகரக் கூடாது.