ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும்: டேப்லட்டா, மடிக்கணினியா?

என் அண்ணன் மகளுக்குச் சிந்தோக்கில் உள்ள உத்தாரா மலேசியா பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டில் ஒரு வாரமாக இதுதான் பேச்சு. அண்ணன் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். "ஒரு தடவைதாம்மா வாங்க முடியும். வாங்கினா படிச்சு முடிக்கிற வரைக்கும் ஓடணும்" என்று என்னிடம் சொல்லிவிட்டார். மகளின் ஆசை வேறு. "அத்தை, டேப்லட்ல கீபோர்டு மாட்டிட்டா அதுவும் லேப்டாப்தானே? எதுக்குக் கனத்தைத் தூக்கிட்டு அலையணும்?"

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. இரண்டு வகைக் கருவியையும் சில ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். பள்ளியிலும் பெற்றோர் பலர் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அதனால் அண்ணன் மகளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

கடையில் 'டூ இன் ஒன்' என்று ஒரே பெயரில் அடுக்கி வைத்திருப்பவை மூன்று வேறு சாதிகள். ஐபேட், ஆண்ட்ராய்டு டேப்லட் ஆகியவை திறன்பேசியின் வழியில் வந்தவை. விசைப்பலகை பின்னால் சேர்ந்தது. மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் போன்றவை டேப்லட் உடம்புக்குள் முழு விண்டோஸை வைத்தவை. மூன்றாவது, லெனோவோ யோகா போலத் திரையை முழுக்கப் பின்னால் மடக்கும் மடிக்கணினிகள். அவற்றில் விசைப்பலகை கழன்று வராது.

இந்தப் போட்டி புதிதல்ல. 2012 அக்டோபரில் முதல் சர்ஃபேஸ் வந்தபோது அதில் ஓடியது விண்டோஸ் ஆர்டி. பார்க்க விண்டோஸ் மாதிரியே இருக்கும். ஆனால் நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் விண்டோஸ் மென்பொருளை அதில் ஏற்ற முடியாது. விற்காமல் தேங்கியதால் 2013 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் 90 கோடி டாலரை நட்டமாக எழுதியது. அடுத்த ஆண்டே சர்ஃபேஸ் புரோ 3-ஐ 'மடிக்கணினிக்கு மாற்றாகும் டேப்லட்' என்று சொல்லி விற்றார்கள். ஆப்பிள் 2015-இல் ஐபேட் புரோவைக் கொண்டுவந்தது. 2020 மார்ச்சில் ஐபேடுக்கு டிராக்பேட் வசதியும் கிடைத்தது. இத்தனை ஆண்டுகளில் டேப்லட் மடிக்கணினியை நோக்கி நிறையவே நகர்ந்திருக்கிறது. எங்கே நின்றுபோகிறது என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டியது.

அதைத் தெரிந்துகொள்ள மூன்று வாரம் என் மடிக்கணினியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். டேப்லட், புளூடூத் விசைப்பலகை, பேனா, அவ்வளவுதான்.

முதல் வாரம் மகிழ்ச்சியாகவே போனது. மாணவர்கள் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பும் கட்டுரைப் படங்களைப் பேனாவால் திருத்துவது மடிக்கணினியில் நினைத்தும் பார்க்க முடியாத சுகம். இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன் 'ழ'வின் கீழ்ச்சுழியை எப்போதும் வெளிப்பக்கமாகவே இழுப்பான். அவன் எழுத்தின் மேலேயே சிவப்பில் மெதுவாக ஒரு 'ழ' எழுதி, அதைத் திரைப்பதிவாக எடுத்து அனுப்பினேன். கை எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது என்பதை அவன் அப்படியே பார்த்தான். மறுநாள் அனுப்பிய பக்கத்தில் பதினொரு 'ழ' இருந்தது, ஒன்பது சரி. இதை எந்த விசைப்பலகையும் செய்து தராது.

பாடநூல் பிடிஎஃப் படிப்பதற்கும் டேப்லட்டே மேல். நான்குக்கு மூன்று என்ற அளவில் உள்ள திரையை நிமிர்த்திப் பிடித்தால் ஏ4 பக்கம் ஏறத்தாழ முழுதாக அடங்கும். வழக்கமான அகலத்திரை மடிக்கணினியில் பாதிப் பக்கம்தான் ஒரு நேரத்தில் தெரியும். அப்புறம் எங்கள் ஊர் மழை. மதியத்துக்கு மேல் இடி இடித்தால் வீட்டில் எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிடுவோம். அந்த நேரத்தில் டேப்லட்டுக்குத் திறன்பேசியின் பவர்பேங்கே போதும். வாசற்படியில் உட்கார்ந்து, மழையைப் பார்த்துக்கொண்டே வேலையை முடித்திருக்கிறேன்.

தமிழில் தட்டெழுதுவதைப் பற்றித்தான் பலருக்குப் பயம். அந்தப் பயம் இனி வேண்டாம். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளின் வழியில் வந்த அஞ்சல் விசைமுகம் (எந்த விசையில் எந்த எழுத்து என்ற அமைப்பு), தமிழ்99 என்ற இன்னொரு விசைமுகத்துடன் சேர்ந்து, 2013-இல் ஐஓஎஸ் 7-லேயே இடம்பெற்றுவிட்டது. விண்டோஸ் 10-இல் தமிழ்99 2019-இல் சேர்ந்தது. ஐபேடில் வெளி விசைப்பலகையை இணைத்தால், கேப்ஸ் லாக் விசையை ஒரு தட்டுத் தட்டி ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறலாம். மலாயும் தமிழும் கலந்து பாடக்குறிப்பு எழுதும் எனக்கு இது பெரிய உதவி. தட்டெழுதுவதை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டும் சமம் என்றே சொல்வேன்.

இரண்டாம் வாரம்தான் சிக்கல் தொடங்கியது. வகுப்புசார் மதிப்பீட்டுக்காக ஒரு எக்செல் கோப்பு வந்தது. மாணவனின் அடைவு நிலையைப் பதிந்துவிட்டுப் பொத்தானை அழுத்தினால், ஒவ்வொருவருக்கும் தனித்தனி அறிக்கை வர வேண்டும். கோப்பு திறந்தது, எண்களும் தெரிந்தன. பொத்தானை அழுத்தினால் எதுவும் நடக்கவில்லை. அந்தப் பொத்தானுக்குப் பின்னால் இருந்தது மேக்ரோ, அதாவது வேலையைத் தானாகச் செய்யக் கோப்புக்குள்ளேயே எழுதி வைத்த சிறு நிரல். டேப்லட்டுக்கான எக்செலில் மேக்ரோ ஓடாது. முப்பத்திரண்டு பிள்ளைகளின் அறிக்கையைக் கையால் ஒட்டுவதா என்று யோசித்து, கடைசியில் பக்கத்து வகுப்பு ஆசிரியரின் மடிக்கணினியைக் கேட்டு வாங்கினேன்.

அதே வாரம் பழைய தேர்வுத்தாள் ஒன்று தேவைப்பட்டது. இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டெழுதியது. டேப்லட்டில் திறந்தால் தமிழ் வரவேண்டிய இடமெல்லாம் ஆங்கில எழுத்துகளும் குறிகளும். மடிக்கணினியில் அந்த எழுத்துருவை ஏற்றினால் அரை நிமிடத்தில் தீரும் விஷயம் இது. தமிழ்ப்பள்ளிகளின் பழைய கோப்புகளில் இப்படிப்பட்டவை நிறைய உண்டு. ஆசிரியராகப் போகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டு இடத்திலும் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். நானே தொடங்கி நானே முடிக்கும் வேலை எதுவும் டேப்லட்டில் நிற்கவில்லை. அடுத்தவர் தயாரித்து அனுப்பிய கோப்பு வந்தபோதுதான் நின்றது. அலுவலகம், பல்கலைக்கழகம், வங்கி, கணக்காய்வாளர் என்று நமக்குக் கோப்பு அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் விண்டோஸ் கணினியில் உட்கார்ந்துதான் அதைத் தயாரிக்கிறார்கள்.

அண்ணன் மகள் படிக்கப் போவது கணக்கியல். மேக்ரோ, புள்ளியியலுக்கான அனாலிசிஸ் டூல்பேக் போன்றவை எக்செலின் டேப்லட் பதிப்பில் இல்லை. பின்னால் ஆய்வேட்டுக்கு எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் தேவைப்பட்டால் அதுவும் கணினியில்தான் ஓடும். சிறு நிறுவனங்களின் கணக்கு மென்பொருள்கள் பலவும் விண்டோசுக்காகவே எழுதியவை. செலவு விஷயத்தில் இன்னொன்று: 10.1 அங்குலத்தை விடப் பெரிய திரையுள்ள டேப்லட்டில் வேர்டு, எக்செல் கோப்புகளைத் திருத்த மைக்ரோசாஃப்ட் 365 சந்தா வேண்டும். பல்கலைக்கழகம் மாணவர் கணக்கு தருகிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"அப்படின்னா சர்ஃபேஸ் மாதிரி வாங்கிக்கலாமே அத்தை, அதுல முழு விண்டோஸ் இருக்கே" என்றாள். சரியான இடத்தைப் பிடித்தாள். மேக்ரோ ஓடும், பழைய எழுத்துரு ஏறும், பேனாவும் உண்டு. ஆனால் அதில் இரண்டு சங்கடம்.

ஒன்று, உட்காருவது. இவ்வகைக் கருவி பின்னால் ஒரு தாங்கியை விரித்துத்தான் நிற்கும். மேசையில் குறையில்லை. மடியில் வைத்தால் தாங்கியின் விளிம்பு தொடையை அழுத்தும், கொஞ்சம் அசைந்தாலும் சாயும். தாங்கியும் விசைப்பலகையும் சேர்ந்து மடிக்கணினியை விட அதிக ஆழம் பிடிக்கும். விரிவுரைக் கூடத்து நாற்காலியோடு ஒட்டிய சின்னப் பலகையில் அதை வைத்து எழுதுவது சிரமம். எங்கள் வீடுகளில் பிள்ளைகள் படிப்பது பெரும்பாலும் தரையிலும் கட்டிலிலும்தான். அதற்கு ஒரே கீலில் விறைப்பாக நிற்கும் மடிக்கணினியே ஒத்துவரும்.

இன்னொன்று, சிப்பு. இப்போது வரும் சில விண்டோஸ் ஹைப்ரிட்டுகளில் (டேப்லட்டும் மடிக்கணினியும் கலந்த கருவிகள்) இன்டெல், ஏஎம்டி சிப்புக்குப் பதிலாக ஸ்னாப்டிராகன் என்ற ஆர்ம் வகைச் சிப்பு இருக்கிறது. 2012-இன் ஆர்டி கதை இல்லை இது. இன்டெல் சிப்புக்கு எழுதிய மென்பொருளை இடையில் நின்று மொழிபெயர்த்து ஓட்டும் ஏற்பாடு உண்டு, பேட்டரியும் நன்றாக நிற்கும். ஆனால் பிரிண்டர், ஸ்கேனர் போன்றவற்றை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளை அப்படி மொழிபெயர்க்க முடியாது; ஆர்முக்கென்றே எழுதியது வேண்டும். நண்பர் ஒருவரின் ஆர்ம் ஹைப்ரிட்டை இரவல் வாங்கி, அண்ணன் வீட்டுப் பழைய பிரிண்டரோடு இணைத்துப் பார்த்தேன். ஒரு மணி நேரம் போராடியும் ஒரு தாள் வெளியே வரவில்லை. இதற்காக ஆர்ம் சிப்பு மோசம் என்று சொல்ல மாட்டேன். எதோடு இணைக்கப் போகிறோம் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள் என்கிறேன்.

கனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், அவளுடைய முதல் கேள்வியே அதுதானே. டேப்லட்டைத் தனியாகப் பார்க்காதீர்கள். 2020-இன் 12.9 அங்குல ஐபேட் புரோவின் எடை சுமார் 640 கிராம். அதற்கென்று ஆப்பிள் விற்ற மேஜிக் கீபோர்டு மட்டும் 710 கிராம். இரண்டும் சேர்த்தால் 1.35 கிலோ. அதே ஆண்டு வந்த மேக்புக் ஏர் 1.29 கிலோ! சிறிய டேப்லட்டில் கனம் நிச்சயமாகக் குறையும்; கூடவே திரையும் விசைகளும் குறுகும். விலைக்கும் இதே கணக்கு. ஐபேட் என்றால் விசைப்பலகை தனி விலை, பேனா தனி விலை. சர்ஃபேஸ் புரோவிலும் பெரும்பாலும் அப்படித்தான். விளம்பரத்தில் மூன்றும் சேர்ந்த படம் இருக்கும், கீழே போட்டிருப்பது டேப்லட்டின் விலையாக இருக்கும். மூன்றையும் கூட்டிய பிறகே மடிக்கணினியின் விலையோடு ஒப்பிட வேண்டும்.

திரை மடங்கும் மூன்றாம் வகையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அது மடிக்கணினிதான், பேனாவும் எழுதும். கையில் பிடித்துப் படிக்கக் கனம். பணம் இடம் கொடுத்தால் நல்ல தேர்வு.

பழுது பார்ப்பது நம் ஊருக்கு முக்கியம். மடிக்கணினியின் பேட்டரி, எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் பாகம்), விசைப்பலகையை டவுனில் அஞ்சடிக் (கடைவரிசை நடைபாதை) கடைக்காரரே பெரும்பாலும் மாற்றிவிடுவார். டேப்லட்டின் திரையைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். பேட்டரி மாற்றவே திரையைச் சூடாக்கிப் பிரிக்க வேண்டும், அதற்குக் குறைந்தது ஈப்போ வரை போக வேண்டும். நான்கு ஆண்டு ஓட வேண்டிய கருவிக்கு இது சின்ன விஷயமில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு டேப்லட்டே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். என் அண்ணி தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் செய்து விற்கிறார். ஆர்டர் எடுப்பது, படம் போடுவது, பணம் வந்ததா என்று பார்ப்பது எல்லாம் ஒரு சின்ன டேப்லட்டில்தான். மாவு படிந்த கையைத் துடைத்துவிட்டுத் தொட்டால் போதும். அவருக்கு மடிக்கணினி வாங்கிக் கொடுப்பது வீண்செலவு. ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் அப்படியே. கல்வி அமைச்சு 2020-இல் தொடங்கிய டெலிமா என்ற இணையக் கற்றல் தளத்தின் வேலைகள் உலாவியில் நடப்பவை, டேப்லட்டோ குரோம்புக்கோ (உலாவியை வைத்தே இயங்கும் எளிய மடிக்கணினி) தாங்கும். ஓவியம், வடிவமைப்பு படிக்கும் பிள்ளைக்குப் பேனா முக்கியம். அவர்களுக்கு என் பதில் வேறாக இருக்கும்.

வருமான வரி கட்டுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. வாழ்க்கைமுறை வரிவிலக்கில் 2,500 ரிங்கிட் வரை கணினி, டேப்லட் இரண்டுக்குமே கணக்குக் காட்டலாம், பிள்ளைக்கு வாங்கினாலும் சரி. ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

என் பேச்சை மட்டும் கேட்டு அவள் முடிவெடுக்கக் கூடாது என்று நினைத்தேன். என் டேப்லட்டையும் விசைப்பலகையையும் அவளிடமே கொடுத்தேன். "ஒரு வாரம் வெச்சுக்கோ. உன் சீனியர்கிட்ட போன தவணை அசைன்மென்ட் கோப்பை எல்லாம் கேட்டு வாங்கி, இதுலயே செஞ்சு பாரு" என்றேன். நான்காம் நாள் ராத்திரி போன் வந்தது. ஒரு பக்கம் கேள்வித்தாள், ஒரு பக்கம் எக்செல், நடுவில் கால்குலேட்டர் என்று திரையைப் பிரித்துப் பிரித்து அலுத்துவிட்டாள். "லேப்டாப்பே வாங்கிடலாம் அத்தை. ஆனா இந்தப் பேனா மட்டும்..." என்று இழுத்தாள். நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் படமெடுத்து வைத்துக்கொள், முதல் சம்பளத்தில் டேப்லட் வாங்கிக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை மூன்று பேரும் ஈப்போவுக்குப் போகிறோம். 14 அங்குலத் திரை, 16 ஜிபி ரேம், யுஎஸ்பி-சி வழியே மின்னேற்றம், ஒன்றரைக் கிலோவுக்குள் எடை. அண்ணன் வீட்டுப் பிரிண்டரின் மாடல் எண்ணையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கைப்பையில் வைத்துவிட்டேன்.